மேஜையில் மிச்சமிருந்த பேட்ஜ்

அத்தியாயம் 9

அந்தப் பெயரைப் பட்டியலில் பார்த்து இன்றோடு ஒன்பது நாள். ஒன்பது நாளும் எகுவா அதை யாரிடமும் சொல்லவில்லை.

விழாவுக்கு வரப்போகும் பழைய மாணவிகளின் பெயர்களைப் படியெடுக்க மிஸ் டாட்ஸி அவளை ஆசிரியர் அறைக்கு அழைத்திருந்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் படித்து முடித்த செட்டுதான் அந்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவை ஏற்று நடத்தும். நாற்பத்திரண்டாவது பெயருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அஜோவா குவைனு. பக்கத்தில், ஹாம்பர்க், ஜெர்மனி.

ரெண்டே வருஷத்தில் வந்துவிடுவேன் என்று மூன்று வயது எகுவாவைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிய அம்மாவின் பெயர் அது. முதல் வருஷம் போன் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. எகுவாவுக்கு இப்போது பதினாறு வயது.

அன்று மாலையே மிஸ் டாட்ஸியிடம் போய், விழா நாளன்று வரவேற்பு மேஜையில் தன்னைப் போடும்படி கேட்டாள். அந்த இடம் ஏற்கெனவே விடுதித் தோழி ஞீராவுக்குக் கொடுத்தாயிற்று. ஞீரா லேசில் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. ஒரு மாதம் தன் குளியலறை கழுவும் முறையை எகுவா செய்ய வேண்டும் என்று பேரம் பேசித்தான் இறங்கி வந்தாள். அப்படி என்னடி அந்த மேஜையில் இருக்கு என்று கேட்டபோது எகுவா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுதி மிஸ்ஸின் போனில் எல்மினாவிலிருக்கும் வீட்டுக்குப் பேசியபோது அவள் ஒரு பொய் சொன்னாள். இந்த வருஷம் தன் மேல்நிலை இரண்டாம் ஃபார்ம் பெற்றோருக்கு அழைப்பு இல்லை, வர வேண்டாம் என்று. மறுமுனையில் பேசியது மான்சா சித்தி. எகுவாவின் ஐந்தாவது வயதில் அந்த வீட்டுக்கு வந்து, அன்றிலிருந்து அவளை வளர்த்தவள். வீட்டுக்குப் பின்னால் மண் அடுப்பு போட்டு ரொட்டி சுட்டு விற்கிறவள். அப்பா கோபினா, பாலத்துக்குக் கீழே படகு மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையில் ஆறு நாளும் கிடப்பவர். பள்ளிக்கூடத்து விசேஷம் என்றால் வந்து நிற்பது சித்திதான்.

 சித்தி, சரி கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இன்று சனிக்கிழமை. விழா.

விடிவதற்கு முன்பே எழுந்து, உதவிக்குத் தேர்ந்தெடுத்த முப்பது பெண்களும் முற்றத்தைப் பெருக்கினார்கள், நாற்காலி சுமந்தார்கள், பந்தல் துணியைக் கயிறு போட்டு இழுத்தார்கள். எட்டு மணிக்கெல்லாம் வெள்ளை கவுன் போட்டு, அதன் குறுக்கே மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு அவரவர் இடத்தில் நின்றார்கள். பட்டையில் 'உதவி' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. யாருடைய பெயரும் இல்லை. எகுவாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. முதலில் தான் பார்க்க வேண்டும். தன்னைக் காட்டிக்கொள்வதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

பழைய மாணவிகள் ஒன்பது மணியிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் ஒரே நீல வெள்ளைத் துணியில் விதவிதமாகத் தைத்துப் போட்டிருந்தார்கள். டாக்டர்கள், வக்கீல்கள், ஒரு பிரிகேடியரின் மனைவி. மேஜைக்கு வந்ததும் எல்லோரும் பதினாறு வயதுக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட, அவள் கைப்பையால் அடிக்க வந்தாள். தேர்வில் தன்னைப் பார்த்து எழுதியதற்கு இன்னும் நன்றி சொல்லவில்லை என்று ஒருத்தி மற்றவளின் காதைத் திருகினாள். எகுவா ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, பட்டியலில் கோடு போட்டு, பேட்ஜை எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். இவளா, இவளா என்று மனம் துடிக்கும். பெயரைச் சொன்னதும் அடங்கும்.

பத்தரை மணிக்குப் பேண்டு வாசிக்க ஆரம்பித்தது. மேஜையில் ஒரே ஒரு பேட்ஜ் கிடந்தது.

வரமாட்டாள் என்று எகுவா நினைத்துக்கொண்டாள். பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பது அவளுக்குப் புதிதா என்ன.  பட்டியலை ஒழுங்காக மடித்தாள், பிறகு பிரித்தாள்.

பதினோரு மணி வாக்கில் குன்றின் சரிவில் ஒரு பெண் தனியாக ஏறி வந்தாள். அதே நீல வெள்ளைத் துணிதான். ஆனால் அளவைப் போனில் சொல்லித் தைத்தது போல, தோளில் தொளதொளவென்று இருந்தது. மூக்குக்கண்ணாடி. புதுச் செருப்பு கடித்ததால் ஒரு காலை லேசாக இழுத்தாள். வழியில் இரண்டு தடவை நின்றாள். மூச்சு வாங்கத்தான் நிற்கிறாள் என்று தோன்றவில்லை.

மேஜைக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டாள், தாமதமாகிவிட்டது என்று. எகுவா பெயர்கூடக் கேட்காமல் பேட்ஜை நீட்டினாள். வாங்கிய கை ஊசியைக் குத்தத் தடுமாறியது. எகுவா மேஜையைச் சுற்றி வந்து தானே குத்திவிட்டாள். அவ்வளவு பக்கத்தில் நின்றபோது அந்தப் பெண்ணின் மூச்சில் புதினா மிட்டாய் வாசனை வந்தது. ஞாபகத்தில் வைத்திருந்த வாசனை எதுவும் அதில் இல்லை. உண்மையில் அப்படி எந்த வாசனையும் தன் ஞாபகத்தில் இல்லை என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பெண் போகவில்லை. பட்டியலைப் பார்ப்பது போல நின்றாள்.

"ரெண்டாம் ஃபார்ம்ல எகுவா எசுமான்னு ஒரு பொண்ணு இருக்காளாம்மா?"

"இருக்கா."

"உனக்குத் தெரியுமா அவள?"

"கொஞ்சம் தெரியும். நீங்க யாரு மேடம்?"

அந்தப் பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "அவ அம்மாவோட ஃப்ரெண்டு" என்றாள்.

எகுவா தலையசைத்தாள். பொய்க்குப் பொய் சரியாகப் போயிற்று என்று ஒரு கணம் கோபமாக நினைத்தாள். அடுத்த கணம் பேனாவை எடுத்து, பட்டியலில் மிச்சமிருந்த பெயரின் மேல் கோடு போட்டாள்.

அந்தப் பெண் இன்னொன்றும் கேட்டாள். தான் படித்த காலத்து விடுதியைப் பார்க்க வேண்டும், யாராவது கூட்டிப்போக முடியுமா என்று. அந்தப் பக்கமாக வந்த மிஸ் டாட்ஸி, எகுவாவையே போகச் சொன்னார். மேஜையில்தான் இனி வேலை இல்லையே, விருந்தாளிகளுக்கு வழி காட்டத்தானே பட்டை கட்டியிருக்கிறாய் என்றார். நல்லவேளை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

இரண்டு பேரும் வேப்பமர வரிசை வழியாக நடந்தார்கள். பந்தலிலிருந்து தலைமையாசிரியையின் குரல் ஒலிபெருக்கியில் துரத்திக்கொண்டே வந்தது. அந்தப் பெண் எகுவாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தாள். நன்றாகப் படிக்கிறாளா. எந்தப் பாடம் பிடிக்கும். கூட்டாளிகள் இருக்கிறார்களா. காய்ச்சல் கீய்ச்சல் வருமா. மீன் சாப்பிடுவாளா, சின்ன வயதில் முள் குத்தி அழுவாள். எகுவா தன்னைப் பற்றியே வேறு யாரோ போலச் சொல்லிக்கொண்டு வந்தாள். வேதியியல் வராது. பாட்டு நன்றாகப் பாடுவாள். கொஞ்சம் பிடிவாதக்காரி.

"பிடிவாதமா" என்று கேட்டு அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள். முன்பற்களுக்கு நடுவில் சின்ன இடைவெளி. எகுவாவுக்கும் அதே இடத்தில் உண்டு. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

விடுதி அறையில் யாரும் இல்லை. இரட்டை அடுக்குக் கட்டில்கள் பதினாறு, எல்லாவற்றிலும் விரிப்பு இழுத்துச் செருகியிருந்தது. எகுவா தன் கட்டிலைக் காட்டினாள். கீழ்த்தட்டு, ஜன்னலோரம். அந்தப் பெண் அனுமதி கேட்பது போலப் பார்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். தலையணையைத் தொட்டாள். கட்டிலுக்குக் கீழே இருந்த டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதியிருந்த பெயரை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவினாள். ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரைகள், அதற்கப்பால் கடல்.

அவள் அழுவாள் என்று எகுவா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. குனிந்தபடியே சொன்னாள்:

"மேஜைல நான் என் பேரைச் சொல்லவே இல்ல. நீயா எடுத்துக் குடுத்த."

அது கடைசி பேட்ஜ், வேறு யாரும் பாக்கியில்லை என்று எகுவா சொல்லியிருக்கலாம். சொல்லாமல், அவளே கேட்டாள்:

"உங்களுக்கு அப்பவே தெரிஞ்சுதா?"

"சரிவுல ஏறும்போதே தெரிஞ்சுது. உங்கப்பா நிக்கிற மாதிரியே ஒரு கால்ல பாரம் போட்டு நின்னுட்டிருந்த. திரும்பிப் போயிடலாமான்னு ரெண்டு தடவ நெனச்சேன்."

"ஏன் ஃப்ரெண்டுன்னு சொன்னீங்க?"

"நீ யாருன்னு நீ சொல்லலியே. நான் எப்படி முந்திக்கிறது?"

எதிர்க் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எகுவா நின்றாள். பதின்மூன்று வருஷமாக மனதுக்குள் பேசிப் பேசித் தேய்த்து வைத்திருந்த கேள்வி ஒன்றுதான். அதைக் கேட்டாள். ஏன் வரவில்லை?

அஜோவா சொன்னாள். முதல் மூன்று வருஷம் கையில் அங்கே தங்குவதற்கான தாள்கள் இல்லாமல் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைத்ததை, பேசுவதற்கு வெட்கப்பட்டுப் போனை நிறுத்தியதை, அதற்குள் கோபினா மறுமணம் செய்துகொண்ட செய்தி வந்ததை. தாள்கள் கிடைத்ததும் ஒரு கடிதம் எழுதினாள். வந்து உன்னைப் பார்க்கட்டுமா என்று மகளுக்கே எழுதினாள். பதில் வந்தது.

"பதிலா?"

அஜோவா கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மடித்த இடமெல்லாம் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டியிருந்தது. நாலே வரி. 'நீ வர வேண்டாம். எனக்கு இங்கே நன்றாக இருக்கிறது. நீ வந்தால் நான் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வேன். எனக்கு எழுதவும் வேண்டாம். எகுவா.'

"ஆறு வயசுப் புள்ள எழுத்து இல்ல இது. எனக்குத் தெரியாதா. யாரோ பெரியவங்க எழுதியிருக்காங்க. ஆனா கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்குவேன்னு ஒரு பெரியவங்களுக்கு எழுதத் தோணுமா? அது நீதான். அதான் வரல. அப்புறம் ஏழு தடவ எழுதினேன். ஒண்ணையும் போஸ்ட் பண்ணல. நீ இங்க படிக்கிறேன்னு எங்க செட்டுல ஒருத்தி சொன்னா, அதான் வந்தேன்."

எகுவாவுக்கு அந்தக் கையெழுத்தைத் தெரியும். அடுப்படிச் சுவரில் ஆணியில் குத்தியிருக்கும் ரொட்டி ஆர்டர் சீட்டுகளில் வருஷக்கணக்காகப் பார்த்தது. வால் நீண்ட எழுத்துகள், வரிக்கு மேலே ஏறிப்போகும் வரிகள்.

"நான் இப்படிச் சொல்லல" என்றாள். "சத்தியமாச் சொல்லல."

அஜோவா அவள் முகத்தையே பார்த்தாள். புதன்கிழமை ஹாம்பர்க் திரும்புகிறாள். நாளை ஞாயிறு, எல்மினாவுக்கு வந்து உன் அப்பாவைப் பார்த்துப் பேசட்டுமா, லீவு நாட்களிலாவது உன்னை என்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கட்டுமா என்றாள். நீ வேண்டாம் என்றால் வரமாட்டேன் என்றும் சொன்னாள்.

எகுவா வாய் திறப்பதற்குள் வராந்தாவில் ஓடிவரும் காலடி கேட்டது. ஞீரா. வாசல் கேட்டில் உன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கிறார்கள், பட்டியலில் பெயர் இல்லையென்று காவலாளி விடமாட்டேன் என்கிறான் என்றாள். கட்டிலில் இருந்த பெண்ணை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

யாராக இருக்கும் என்று எகுவாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. அம்மாவைப் பந்தலில் போய் உட்காரச் சொல்லிவிட்டு, அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு ஓடினாள்.

கேட்டுக்கு வெளியே மான்சா சித்தி நின்றிருந்தாள். சர்ச்சுக்குப் போகும் உடை. தலையில் துணி மூடிய ரொட்டிக் கூடை. வெயிலில் முகம் கறுத்திருந்தது. எகுவாவைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள்.

"உங்கம்மா படிச்ச செட்டுதான் இந்த வருஷம் விழா நடத்துதுன்னு ரேடியோல சொன்னான். நீ ஏன் வரவேணாம்னு சொன்னன்னு அப்பவே புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"வீட்ல இருந்து பார்த்தேன். இருக்க முடியல." சித்தி கேட்டுக் கம்பி வழியாக உள்ளே பார்த்தாள். "வந்திருக்காங்களா?"

எகுவா காகிதத்தை விரித்துக் காட்டினாள்.  இத்தனை வருஷம் சாப்பாடு போட்டு, காய்ச்சலுக்கு முழித்திருந்து, தலை வாரிவிட்ட கையா இதை எழுதியது என்று கேட்டாள். என் பெயரைப் போட்டு எழுத யார் உரிமை கொடுத்தது என்று கேட்டாள். காவலாளி நாசூக்காக மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

சித்தி மறுக்கவில்லை. காகிதத்தை வாங்கவும் இல்லை. தூரத்திலிருந்தே படித்தாள்.

"எழுதினது நான். சொன்னது நீ."

"பொய்."

"உனக்கு மலேரியா வந்து ஆஸ்பத்திரில கெடந்தோமே, அப்ப வந்துச்சு கடுதாசி. உனக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான் படிச்சுக் காமிச்சேன். நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்ட. எழுது, எழுதுன்னு ஒவ்வொரு வார்த்தையா சொன்ன. நான் ஒரு வார்த்தகூடச் சேக்கல."

எகுவாவுக்கு அந்த ஆஸ்பத்திரி ஞாபகம் இருந்தது. மேலே சுற்றிய மின்விசிறி, கையில் ஊசி, வாயில் கசப்பு. ஒரு கடிதத்தைப் பற்றிய ஞாபகம் மட்டும் இல்லை. ஆனால் கோபம் ஞாபகம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் இத்தனை நாள் உள்ளே கிடந்த கோபம், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த ஒரு சின்னப் பெண்ணின் கோபம். அதை அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

"ஆனா அனுப்பியிருக்கக் கூடாது" என்றாள் சித்தி. "காய்ச்சல்ல கெடக்கிற புள்ள ஆயிரம் சொல்லும். கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதியிருக்கணும். எனக்கு அது தெரிஞ்சுதான் இருந்துச்சு. போஸ்ட் பாக்ஸ் முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன். எனக்குன்னு ஒரு புள்ள பொறக்கல. நீ என் கைய விட்டுப் போயிடக் கூடாதுன்னு இருந்துச்சு. போட்டுட்டேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மீதியையும் சொன்னாள். கடிதம் வந்ததோ பதில் போனதோ கோபினாவுக்குத் தெரியாது. அஜோவா ஒரு வரிகூட எழுதவில்லை, பெற்ற பிள்ளையைத் திரும்பிப் பார்க்காத கல்நெஞ்சக்காரி என்றுதான் அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நாளை எல்மினா வீட்டுக்கு வரட்டுமா என்று அம்மா கேட்டதை எகுவா சொன்னாள். சித்தி குனிந்தாள். கூடையின் துணியை எடுத்துத் திரும்ப மூடினாள்.

"வரட்டும். வரவேணாம்னு சொல்ல நான் யாரு. ஆனா அவங்க வாயால உங்கப்பா தெரிஞ்சுக்கக் கூடாது. நான்தான் சொல்லணும். நாளைக்கு அவருக்கு லீவு. அந்த ஒரு நாள எனக்குக் குடு கண்ணு. அதுக்கப்புறம் என்ன நடந்தாலும் நடக்கட்டும்."

உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று எகுவா சொன்னாள். சித்தி கேட்கவில்லை. கூடையைக் காவலாளியிடம் கொடுத்து, உங்க ரூம் புள்ளைங்களுக்கு என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கினாள். எகுவா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஓடிப்போய்ப் பின்னாலிருந்து கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கத்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதையும் செய்யாமல், சித்தி எல்மினா வண்டியில் ஏறும்வரை நின்றாள்.

பந்தலில் பரிசுகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நீல வெள்ளை வரிசையின் ஓரத்து நாற்காலியில் அஜோவா உட்கார்ந்திருந்தாள், மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி. எகுவா பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது நான் சொன்னதுதான்" என்றாள். "எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நான்தான்."

அஜோவா காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு வரவேணாம்."

அஜோவா வேகமாகத் தலையாட்டினாள், ஹாம்பர்க்கிலிருந்தே அந்தப் பதிலுக்குத் தயாராகி வந்தவள் மாதிரி. பரவாயில்லை, பார்த்ததே போதும் என்று ஏதோ சொல்லிக்கொண்டே எழுந்திருக்கப் போனாள். தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று எகுவாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கையைப் பிடித்தாள்.

"அப்படி இல்லம்மா. திங்கக்கிழமை வாங்க. நான் மிஸ்கிட்ட அனுமதி வாங்கிட்டு உங்ககூடவே வரேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் வீட்ல வேணும்."

"யாருக்கு?"

"சித்திக்கு."

அம்மா என்ற சொல் வாயிலிருந்து வந்ததை இரண்டு பேருமே கவனித்தார்கள். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை. அஜோவா மெல்ல உட்கார்ந்தாள். அவளைப் பற்றி, அந்தச் சித்தியைப் பற்றி, கேட்க நினைத்த ஏதோ ஒன்றை விழுங்கிக்கொண்டாள். கேட்டது வேறு.

"உன்ன நல்லா வச்சுக்கிட்டாங்களா?"

"ரொம்ப" என்றாள் எகுவா. அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் கண் நிறைந்துவிட்டது.

சித்தி ஏறிய வண்டி இந்நேரம் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருக்கும். அப்பா பட்டறையில் மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருப்பார். நாளை காலை சர்ச்சு முடிந்து வந்ததும் சொல்வாளா, சாப்பாடு போடும்போது சொல்வாளா. எந்த வார்த்தையில் தொடங்குவாள். கேட்டதும் அப்பா என்ன செய்வார் என்று எகுவாவுக்கு நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

மேடைக்குப் பக்கத்திலிருந்து மிஸ் டாட்ஸி கை காட்டினார். விருந்தாளிகளுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக வேண்டும், மஞ்சள் பட்டைக்காரர்கள் எல்லோரும் வர வேண்டும். ஞீராவும் மற்ற பெண்களும் எழுந்து போனார்கள். எகுவாவும் எழுந்திருக்கப் பார்த்தாள். அம்மாவின் விரல்கள் அவள் கையைவிட்டுப் போகவில்லை. கொஞ்சம் இறுகின.

மிஸ் டாட்ஸி மறுபடியும் கை காட்டினார். எகுவா பார்க்காதது போலத் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.